பிரபு மாட்டிய விளக்கு

லண்டனில் சம்பாதித்த காசில் யார்க்ஷயரில் பழைய பண்ணை வீடு வாங்கிய ரோவினாவுக்கு, எதிரே நின்ற மாட்டுக் கொட்டகையைக் கண்டாலே குமட்டியது. அதை இடித்து நீச்சல் குளம் வெட்ட ஆசை.

"மாடு நின்ன இடத்துக்குப் பக்கத்துல மனுஷங்க குடியிருக்க முடியுமா சார்?" என்று, இடிக்க அனுமதி கேட்டதால் பார்வையிட வந்திருந்த பழங்கட்டடப் பாதுகாப்பு அதிகாரியிடம் மூக்கைச் சுளித்தாள்.

அவர் கொட்டகைக்குள் போய் அண்ணாந்து பார்த்தார். உத்தரமெல்லாம் அடுப்புப் புகை படிந்து கறுத்திருந்தது. திரும்பி வந்து, அவளுடைய சாப்பாட்டு அறைச் சுவரில் இருந்த இரும்பு வளையங்களைத் தடவினார். தரையில் ஓடிய கல் வாய்க்காலையும் குனிந்து பார்த்தார்.

"அந்தக் காலத்துப் பிரபு விளக்கு மாட்டின வளையம்!" என்றாள் பெருமையாக.

"விளக்கு இல்ல மேடம், மாடு. வாய்க்கால்ல என்ன ஓடுச்சுன்னு நான் வேற சொல்லணுமா? அடுப்பெரிச்சு மனுஷங்க வாழ்ந்த வீடு எதிர்ல இருக்கு. அதுல ஒரு கல்லைத் தொடக்கூடாது."

குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"குளத்தை வேணும்னா இங்க வெட்டிக்கங்க."