எண்ணெய் கலந்த தீவனம்

பன்றிக் கொட்டகையின் தகரக் கூரை இடுக்கு வழியாகக் காலை வெயில் கோடு கோடாக விழுகிறது. தாயிடமிருந்து பிரித்து இன்றோடு ஐந்து நாள். பதினோரு குட்டிகளும் சூட்டு விளக்கின் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. எல்லாவற்றின் வாலும் கழிச்சலில் நனைந்திருக்கிறது. பெண் கால்நடை மருத்துவர் தரையில் குந்தி, கையுறை விரலால் அதைத் தொட்டு வெளிச்சத்தில் காட்டுகிறாள். பிசுபிசுவென்று மின்னுகிறது. "தீவனத்துல எண்ணெய் ஊத்துனீங்களாக்கா?" பண்ணைக்காரி தொண்டையைச் செருமிக்கொள்கிறாள். "பால் மறந்து ஏங்குதுங்களே, கொஞ்சம் தெம்பா இருக்கட்டும்னு..." "தாய்ப்பால்ல கொழுப்பு பொடிப்பொடியா இருக்கும், சுலபமா செரிச்சிரும். இது அப்படி இல்ல. பாலை நிறுத்துனதும் கொழுப்பைச் செரிக்கிற நொதி சுரக்கறது குறைஞ்சிடும். பழையபடி சுரக்க ரெண்டு வாரமாவது ஆகும்." "அப்போ நான்தான் கெடுத்தேனா?" வாசலில் நிற்கும் அவள் கணவன் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுக்கிறான், மருத்துவர் முந்திக்கொள்கிறாள். "ஆமாக்கா. எண்ணெயை நிறுத்துங்க, தேறிடும்." பண்ணைக்காரி தொட்டியிலிருந்த தீவனத்தை இரண்டு கையாலும் வழித்துக் கொட்டுகிறாள். தொட்டியைக் கழுவி, எண்ணெய் சேர்க்காத தீவன மாவை வெதுவெதுப்பான தண்ணீரில் கூழாகக் கரைத்து ஊற்றுகிறாள். ஒன்றும் எழுந்து வரவில்லை. மூவரும் அசையாமல் நிற்கிறார்கள். கடைசியில், விலா எலும்பு எண்ணும்படி மெலிந்திருக்கும் பொட்டைக்குட்டி தள்ளாடி வருகிறது. மூக்கை நனைத்துத் தும்முகிறது. மறுபடி நனைத்துச் சப்புக்கொட்டி உறிஞ்ச ஆரம்பிக்கிறது. பண்ணைக்காரி அதன் பக்கத்தில் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிடுகிறாள். "மெதுவாடி. யாரும் பிடுங்கிக்க மாட்டாங்க."