வலது கால் ஷூ

“கடவுளே, என்னால முடியல. இன்னைக்கும் நீயே தூக்கு.”

கணவரின் அக்குளுக்கடியில் இரண்டு கைகளையும் கொடுத்து, அவர் முகவாயைத் தன் தோளில் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுப்பினாள்.

லேசாக எழுந்து வந்துவிட்டார். தூக்கிய வேகத்தில் அவள்தான் பின்னால் சாயப் பார்த்தாள்.

கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே இரண்டடிதான். ஏழு மாதமாக அந்த இரண்டடியில் அவள் இடுப்பு போயிற்று. எண்பது கிலோ மனிதர். பக்கவாதம் வலது பக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. பேச்சில் ஒரே ஒரு சொல்லை விட்டுவைத்தது.

சரி.

டீ வேணுமா என்றால் சரி. வேண்டாமா என்றால் அதற்கும் சரி. கல்யாணமாகி இருபத்து மூன்று வருடம் எதற்கும் சரி சொல்லாத மனிதர், விட்டதையெல்லாம் சேர்த்துவைத்துச் சொல்கிறார் என்று நாத்தனாரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

நாலைந்து நாளாக அவர் கனம் குறைந்திருக்கிறது. கடவுள் தெம்பு கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். எத்தனை நாளைக்குக் கொடுப்பார்? போன மாதம் குளியலறை வாசலில் இரண்டு பேரும் சேர்ந்தே விழுந்தார்கள். அதன் பிறகுதான் மனசைக் கல்லாக்கிக்கொண்டு, நடமாட முடியாதவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் விடுதி ஒன்றில் சொல்லிவைத்தாள்.

இன்று பத்து மணிக்குப் போன் செய்வார்கள். ஒப்புக்கொண்டால் நாளைக் காலை வண்டி வரும்.

அவரிடமும் சொல்லிவிட்டாள். அதற்கும் சரிதான்.

வழுக்காமல் இருக்க வீட்டுக்குள்ளேயே அவருக்குக் கேன்வாஸ் ஷூ போட்டுவிடுவது வழக்கம். இன்று அதைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப்போக நினைத்தாள். அவள் வேலை பார்ப்பது செருப்பு ரிப்பேர் கடையில். தேய்ந்த ஷூவோடு அனுப்பினால் விடுதியில் அவளைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

இடது ஷூ உடனே வந்துவிட்டது. வலதை மட்டும் அவர் குனிந்து நல்ல கையால் பிடித்துக்கொண்டார். குழந்தை பொம்மையை விடாத மாதிரி ஒரு பிடி.

“சாயங்காலம் கொண்டாந்துடுறேன். விடுங்க.”

அவளையே பார்த்தபடி பிடியை விட்டார்.

உண்மையில் வேலை இடது ஷூவுக்குத்தான். உடம்பின் பாரம் முழுக்க அதன் மேல்தானே. இரண்டு மாதம் முன்பு அதற்கு மட்டும் புது சோல் போட்டாள். ஊன்றாத காலுக்கு எதற்கு சோல் என்று வலதை விட்டுவிட்டாள். ஆனாலும் ஜோடியைப் பிரித்துக் கொண்டுவந்தால் அவள் யாரிடமும் வாங்கமாட்டாள். உயரம் ஒத்துப் பார்க்க வேண்டும். அதே சட்டம்தான் அவளுக்கும்.

அடிப்பக்கத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள். வெளி ஓரம் தேய்ந்திருந்தால் கால் வளைந்தவர். முன்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் எப்போதும் எட்டி எட்டி எதையோ எடுக்கிறவர். ஊரார் ஷூவையெல்லாம் புரட்டிப் பார்க்கிறவள், இந்த இரண்டு மாதமாக வீட்டு ஷூவைப் புரட்டவில்லை. தினமும் மேலாக மாட்டிவிடுவாள், மேலாகக் கழற்றுவாள்.

இடது சோலைப் பிரித்தாள். உயரம் பார்க்க வலதை எடுத்துத் திருப்பினாள்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

கட்டைவிரல் பக்கம் ரப்பர் தேய்ந்து துணி தெரிந்தது. காலைத் தரையோடு இழுத்தால்தான் அப்படித் தேயும். ஒரு தடவை இழுத்தால் தேயாது, நூறு தடவை இழுத்தாலும் தேயாது. அந்தத் தேய்மானத்தில் அழுக்குப் படிந்திருந்தது, பழசு.

குதிகாலில் இன்னொரு தேய்மானம். அது புதுசு. வெள்ளையாக இருந்தது.

முதலில் இழுத்திருக்கிறார். பிறகு ஊன்றியிருக்கிறார்.

எட்டு மணிக்கு அவள் கிளம்பினால், பதினோரு மணிக்குத்தான் நாத்தனார் சாப்பாட்டோடு வருவாள். நடுவே மூன்று மணி நேரம் வீட்டில் அவரும் நாற்காலியும் மட்டும்தான். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் என்னென்ன செய்தாரோ. விழுந்தாரோ, எழுந்தாரோ, யாருக்குத் தெரியும்? முழுசாக வந்த பிறகு காட்டலாம் என்று காத்திருந்தாரோ?

போன் அடித்தது. பத்து மணி.

“வேண்டாங்க. நாங்க பாத்துக்குறோம்,” என்றாள்.

நாங்க என்று சொன்னது அவளுக்கே பிறகுதான் உறைத்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஏழு மாதத்தில் முதல் தடவையாக முதுகை நாற்காலியில் நன்றாகச் சாய்த்து உட்கார்ந்தாள். பட்டி அறுந்த செருப்போடு வந்து நின்ற அம்மாள், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார்.

கடவுள் தூக்கினாரா, அவர் எழுந்தாரா என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை. ஜோடியைப் பிரிக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை.

இரண்டு ஷூவுக்கும் ஒரே ரப்பரில் சோல் வெட்டினாள்.

வெட்டும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. தினமும் கடவுளைக் கூப்பிட்டபோது அவள் வாய் இருந்தது அவர் காதோரத்தில். நீயே தூக்கு என்று அவள் சொல்லி முடித்ததும், தோளில் சாய்ந்திருந்த அந்த முகவாய் லேசாக அசையும். அதையும் பழக்கதோஷம் என்று விட்டிருந்தாள்.

“சரி.”