ஏழாவது தகடு

தகட்டின்மேல் அவன் வெறும் நீரைத்தான் விட்டிருந்தான்.

திரையில் கோடு எழுந்தது.

எழக்கூடாது. நீரில் மருந்து எதுவும் இல்லை.

ஆறாவது தகடும் போயிற்று. இனி ஒன்றுதான்.

ஏழு தகடுகளிலும் படலம் பூசியவள் அவன் மனைவி. ஒரு மருந்தின் மூலக்கூறுகளைச் சுற்றிப் பாலிமர் இறுகும். பிறகு அந்த மூலக்கூறுகளைக் கழுவி வெளியேற்ற வேண்டும். அவற்றின் வடிவில் பள்ளங்கள் மிஞ்சும். அதே மருந்து மீண்டும் வந்தால் அவற்றில் உட்காரும்; திரையில் கோடு எழும். மருந்தின் கண்ணாடிப் பிம்பமான மூலக்கூறு உட்காராது. இடது செருப்பில் வலது கால் நுழையாததுபோல.

இரண்டையும் பிரித்துக் காட்டிவிட்டால் அவளுடைய கட்டுரை வெளிவரும். இல்லையென்றால், அவள் முறை பிழை என்றாகிவிடும்.

பூசி முடித்த மறுநாள் அவளை மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

கழுவ அவள் திரும்பி வரவேயில்லை.

நோட்டில் பன்னிரண்டு முறை என்று எழுதியிருந்தாள். அவன் மூன்று முறையோடு நிறுத்திக்கொண்டான். அதற்குமேல் படலம் தாங்காது என்றான். சோதித்தபின் மறுபடி கழுவினால் உரிந்து வந்தது.

அவளிடம் ஆய்வு மாணவியாக இருந்த முபீனா பக்கத்து மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், நீங்க கழுவல. சும்மா நனைக்கிறீங்க. மேடம் வச்சது வச்சபடி உள்ளயே இருக்கு."

அது அவனுக்குத் தெரியும்.

ஏழாவது தகட்டை எடுத்தான்.

மெத்தனால், அமிலம், நீர். கழுவியதைக் கழிவுக் கேனில் ஊற்றினான். மறுபடி மெத்தனால்.

ஐந்தாவது முறை கை நின்றது. முபீனா வேறெங்கோ பார்த்தாள்.

ஆறு.

பன்னிரண்டாவதை ஊற்றும்போது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது.

வெறும் நீர் விட்டான்.

கோடு படுத்தே கிடந்தது. இத்தனை நாளில் முதன்முறையாக, ஒன்றுமில்லை.

கண்ணாடிப் பிம்பத்தை விட்டான்.

அசையவில்லை.

"இப்ப மருந்து, சார்."

முபீனா நீட்டிய குப்பி போன வாரம் வந்தது. மனைவியின் கை படாதது; மூடியை அவன்தான் முதலில் திறந்தான்.

ஒரு சொட்டு.

கோடு எழுந்தது. எழுந்துகொண்டே போய், ஓரிடத்தில் நின்றது.

"எவ்வளவு, சார்?"

முபீனா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

அவன் கழிவுக் கேனையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மெதுவாக, மறுபடியும் கேட்டாள்.