கணக்கில் வராத இறால்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் தேர்தல் செலவைக் கண்காணிக்கிற நெறிமுறை வாரியத்தின் முன்னால் படகுக்காரர் ஒவீட் கில்பூ சாட்சியாக உட்கார்ந்திருந்தார். கோட்டு போட்ட எவன்மேலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது.

"நோயெலி பிரசாரத்துக்கு நீங்க பெட்டி பெட்டியா இறால் கொடுத்திருக்கீங்க. அவங்க அதைக் கணக்குல காட்டலை. நன்கொடையை மறைச்சா அபராதம்," என்றார் தலைவர்.

புதிதாக ஜெயித்த கவுன்சிலர் நோயெலி பின்வரிசையில் தலைகுனிந்திருந்தாள். அபராதத்தைவிட, பேர் கெட்டுவிடுமே என்றுதான் அவளுக்குப் பயம்.

"நன்கொடையா? அவ அம்மாவைப் புதைச்ச அன்னிக்குக் கொடுத்தது. துக்கத்துக்கு வந்த சனம் பட்டினியா போகவாய்யா?"

"வாசல்ல அவங்க தேர்தல் பலகை நின்னுச்சே?"

"பெத்தவ செத்துக் கிடக்கிறப்ப அழுவாளா, பலகையைப் பிடுங்குவாளா?"

தலைவர் சிரிக்கவில்லை. "நீங்க அவங்க ஆள்னு புகார்ல இருக்கு. அப்படித்தான் பேசுவீங்க."

ஒவீட் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இறாலுக்கு ஓட்டு விழும்னா அதை என் வீட்டுலயே வேக வச்சிருக்க மாட்டேனா? அவளை எதிர்த்து நின்னு தோத்தவனே நான்தான்யா."