பார்த்தாலே தெரியும்

வாசற்படி வந்ததும் மலையம்மாளின் வலது கால் காற்றில் துழாவியது. கறுப்புக் கண்ணாடி போட்ட முகம் எங்கோ விட்டத்தைப் பார்த்திருக்க, புருஷன் முத்திருளன் அவள் முழங்கையைப் பிடித்து வாக்குச்சாவடிக்குள் கூட்டிவந்தான்.

"பைய வா, படி இருக்கு" என்றவன், மேஜையில் இருந்தவரிடம் குனிந்தான். "பார்வை இல்லீங்க. கூட நான் வாரேன்."

பளிச் பளிச்சென்று செல்போன்கள் மின்னின.

சுவரோரம் எட்டு நாட்டுத் தேர்தல் அதிகாரிகள், கழுத்தில் அட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். பரவை ஊரைத் தாண்டி ஒரு கல்லூரி அரங்கில் அவர்களுக்கு நாலு நாள் பயிற்சி. இன்றைக்கு மாதிரி வாக்குப்பதிவு. வாடிப்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வேனில் ஏற்றிவந்த இருபது பேர்தான் வாக்காளர்கள். கத்தரிக்காயும் வெண்டைக்காயும் சுரைக்காயும் வேட்பாளர்கள்.

எல்லாருக்கும் இது விளையாட்டு, பயிற்சி கொடுக்கும் பிரியம்வதா டீச்சரைத் தவிர. ஒரு பிசகு இல்லாமல் இன்று முடிந்தால், அடுத்த மாதம் நைரோபிக்குப் பயிற்றுநராகப் போகிறவர் அவர்தான். மேலிடத்தில் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டார்கள்.

காலையில் வேஷம் பிரித்தபோது முத்திருளன்தான் முந்திக்கொண்டு வந்தான். "கண்ணு தெரியாத வேசமா? எஞ்சம்சாரத்தப் போடுங்க டீச்சர். அம்புட்டு நல்லா நடிப்பா."

டீச்சர் தன் கூலிங் கிளாஸையே கழற்றிக் கொடுத்திருந்தார். கொடுத்தது வீண்போகவில்லை.

மைக்கைப் பிடித்து விருந்தினர்களுக்கு விளக்கினார். "பார்வையில்லாதவர் துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம். அவருக்காகத் துணையாளே பட்டனை அழுத்தலாம். அனுமதித்துக் கையெழுத்துப் போடுவது சாவடியின் தலைமை அலுவலர். வாக்காளருக்கு இடதுகை ஆள்காட்டி விரலில் மை. துணைக்கு வந்தவருக்கு..."

முடிப்பதற்குள் முத்திருளனின் வலதுகை ஆள்காட்டி விரல் மேஜைமேல் நீண்டிருந்தது.

"வலது கையில்" என்று முடித்தார் டீச்சர்.

மங்கோலியாவிலிருந்து வந்திருந்த பெண் அதிகாரி சிரித்தாள். "முன்பே ஒத்திகை பார்த்துவிட்டீர்களா?"

"இல்லவே இல்லை. எங்கள் ஆட்களுக்குக் கற்பூர புத்தி."

"அதிருக்கட்டும், பார்வை இல்லை என்று எப்படி உறுதி செய்வீர்கள்?"

"பார்த்தாலே தெரியும். இருபத்திரண்டு வருஷ அனுபவம்!" டீச்சரின் குரலில் பெருமை ஏறியது. "போன தேர்தலில் வாடிப்பட்டிப் பக்கம் நான்தான் தலைமை அலுவலர். ஒரே சாவடியில் பதினோரு பேர் இப்படித் துணையோடு வந்தார்கள். ஒரு புகார் கிடையாது."

மங்கோலியாக்காரி குறித்துக்கொண்டாள். பதினொன்று என்று எழுதிய இடத்திலேயே பேனா கொஞ்ச நேரம் நின்றது.

அட்டை மறைப்புக்குள் முத்திருளன் அமுக்க, 'பீப்' சத்தம் கேட்டது. கைதட்டல்.

தேநீர் இடைவேளை. ஆண்கள் எல்லாரும் வடைத் தட்டை மொய்த்தார்கள். டீச்சர் மலையம்மாளின் தோளைத் தட்டினார்.

"பின்னிட்டீங்கம்மா! கண்ணாடியக் கொடுங்க. அடுத்த ரவுண்டுல நீங்க சாதா வாக்காளர். உள்ள போய் ஒருதரம் அமுக்கிட்டு வாங்க."

மலையம்மாள் மறைப்புக்குள் போனாள். ஒரு நிமிஷம் ஆயிற்று. சத்தமே இல்லை.

"என்னம்மா, கத்தரிக்காய்க்குப் போடவா, சுரைக்காய்க்குப் போடவான்னு யோசனையா?"

"டீச்சர்... இதுல எத அமுக்கணும்? படத்தையா?"

"விளையாடாதீங்க. எத்தனை எலெக்சன்ல ஓட்டுப் போட்டிருப்பீங்க!"

"கல்யாணமாகி இருவது வருசமா பூத்துக்கு வாரேன். அமுக்குனது இல்ல."

டீச்சர் மறைப்பை எட்டிப் பார்த்தார்.

"நான் மாத்திக் குத்திப்புடுவேனோன்னு அவருக்குப் பயம். எனக்குக் கண்ணு தெரியாதுன்னு சொல்லி, எனக்கும் சேத்து அவரே அமுக்கிருவாரு. எங்க தெருவுல பாதிப் பொம்பளைக்கு இப்பிடித்தேன்."

டீச்சர் நீலப் பட்டனைக் காட்டினார். மலையம்மாள் அமுக்கினாள். 'பீப்' அடங்கும்வரை விரலை எடுக்கவில்லை.

"இம்புட்டுத்தானா டீச்சர்?" என்றாள்.

அந்தக் கேள்வியில் டீச்சருக்கு ரத்தம் கொதித்தது. கைப்பையிலிருந்து பேனாவையும் பேப்பரையும் உருவினார்.

"இது சட்டப்படி குத்தம்மா! உங்க வீட்டுக்காரர் கதைய அப்புறம் வச்சுக்கலாம். முழுக் கண்ணோட முன்னால நிக்கிற பொம்பளைய ஒரு வார்த்தை விசாரிக்காம, பார்வையில்லன்னு கையெழுத்துப் போட்டானே ஒரு ஆபீசர், அவனை மொதல்ல வேலைய விட்டுத் தூக்கணும். இப்பவே புகார் எழுதறேன். போன எலெக்சன்ல யாரு? ஆளு அடையாளம் ஞாபகம் இருக்கா?"

மலையம்மாள் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். வெளியே புருஷன் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"இல்லாம என்ன? எனக்குத்தேன் கண்ணு தெரியுமே டீச்சர்... நீங்கதேன்."