இருபத்தாறு கிலோ

“சண்டை முடிஞ்சு பாதை திறந்தாலும் திறந்தது, இந்தக் காலத்துப் புள்ளையளுக்கு வாயும் திறந்துட்டு! கண்ணால பாரு புள்ள, இருபத்தாறு கிலோ!”

மாங்கேணிக்கு அனுப்பக் கொண்டுவந்த காஸ் சிலிண்டரைத் தன் மீன் தராசில் தொங்கவிட்டுக் காட்டினார் பூபாலபிள்ளை. சுனாமி நிவாரண அரிசி நிறை குறைந்து வந்த நாள் தொட்டு, தராசில்லாமல் அவர் வெளியே போவதில்லை.

“அது இரும்போட சேத்து ஐயா. பத்திப்பிடிக்கிற சாமானுக்கு, உள்ள இருக்கிற காஸின்ட நிறையைத்தான் லொறிப் பத்திரத்தில எழுதுவம். பன்னிரண்டரைக் கிலோ” என்றாள் லொறிக் கந்தோரில் வேலை பார்க்கும் சுகிர்தா.

“இருபத்தாறு எண்டு எழுதாட்டி முதலாளிட்டச் சொல்லுவன். உன்ட வேலை போயிரும்.”

“போகட்டும் ஐயா. பிழையா எழுத மாட்டன்.”

பூபாலபிள்ளை வாசலில் நின்ற மகனைப் பார்த்துக் கத்தினார். “டேய் நவநீதன், உள்ள வா! எனக்குச் சம்மதம். இவளையே கட்டு!”

சுகிர்தா சிரித்தாள். “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க மாமா. பொண்ணு பார்க்கத் தராசோடதான் வருவீங்க எண்டு அவர் நேத்தே சொல்லிட்டார்.”

வாசலில் மகன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“ரெண்டு பேரும் கூட்டுக் களவாணியள்! கலியாணத்துக்கு நாள் பாருங்க.” தராசைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார் அவர். “ஆனா அது இருபத்தாறு கிலோதான்.”