இங்கிலாந்து எழும்பும்!

“இன்னும் கொஞ்சக் காலம் பாருங்கோ தம்பி. இங்கிலாந்து எழும்பும்!”

சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த இளமாறனுக்குக் கரண்டியை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. மாமனார் ஞானேஸ்வரன் லண்டனை விட்டு, அமெரிக்காவில் பிரிட்ஜ்வாட்டரில் மகள் வீட்டோடு வந்து சேர்ந்த நாளிலிருந்து இதே பாட்டுதான். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் இங்கிலாந்தை ஒரு தடவையாவது தூக்கி நிறுத்தாமல் மனிதர் கை கழுவ மாட்டார்.

“மாமா, ஐரோப்பிய யூனியனை விட்டு வெளிய வந்து எத்தனை வருஷம் ஆச்சு! இன்னும் எழும்பலையே?”

“படுத்தவன் உடன எழும்புவானோ? சோம்பல் முறிக்க வேண்டாமோ? இனி எங்கட சட்டம், எங்கட விருப்பம். உலகம் முழுக்க வியாபாரம் செய்யலாம்.”

“உலகம் இருக்கட்டும். உங்க பையனால பக்கத்துல இருக்கிற பாரிசுக்கே மிளகாய்த்தூள் அனுப்ப முடியலை. வெளியேறணும்னு ஓட்டுப் போட்டவரு நீங்க, விட்டுக்குடுத்துப் பேசுவீங்களா?”

வதனி கணவனை முறைத்தாள்.

லண்டனில் அவள் அண்ணன் கஜமுகன் யாழ்ப்பாணத்து முறையில் வறுத்து அரைக்கிற தூளுக்கு, பாரிஸ் தமிழ்க் கடைகளில் அப்படி ஒரு கிராக்கி இருந்தது. அரவை மெஷின் வாங்க அண்ணி வான்மதி தன் தாலிக்கொடியையே விற்றுக் கொடுத்திருந்தாள். இங்கிலாந்து வெளியேறியதும் ஒவ்வொரு லாரிக்கும் ஆயிரத்தெட்டுப் பேப்பர். லாரி துறைமுகத்தில் காத்துக் கிடக்கும். கடைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு தூளுக்குப் போய்விடுவார். முக்கால்வாசி வியாபாரம் போயே போய்விட்டது.

நேரம் பார்த்து லண்டனிலிருந்து வீடியோ கால். வதனியோடு பேச வான்மதிதான் கூப்பிட்டிருந்தாள்.

மனிதர் சும்மா இருக்கக் கூடாதா? மகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, “பிள்ளை, ஒண்டுக்கும் யோசிக்காதை. இங்கிலாந்து எழும்பும்!” என்றார்.

வான்மதிக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

“வெளியேற முதலே மெஷினைப் பாரிசுக்குக் கொண்டுபோவம், அங்க என்ர அண்ணா இடம் பாத்துத் தாறார் எண்டு எவ்வளவு கெஞ்சினன்! நீங்கள் விட்டனீங்களோ மாமா? உங்கட சொல்லைத் தட்ட ஏலாமல்தானே இவரும் பேசாமல் இருந்தவர். இப்ப வந்து எழும்பும், எழும்பும் எண்டுறியள்!”

அழுகையோடு போனை வைத்துவிட்டாள்.

“அவ கோபக்காரி. மனசில ஒண்டும் வச்சிருக்க மாட்டா,” என்று சொல்லிவிட்டு ஞானேஸ்வரன் ரசம் கேட்டார்.

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ரகம் என்று இளமாறன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

சாப்பாடு முடிந்து வதனியின் காரில் அவரைக் கோயிலுக்குக் கூட்டிப்போகும்போதும் அவனுக்கு மனசு ஆறவில்லை.

“தப்பா எடுத்துக்காதீங்க மாமா. அவங்ககிட்ட ஒரு சாரி சொன்னா என்ன குறைஞ்சிடும்?”

“சாரி சொன்னா லாரி போயிடுமோ தம்பி?” என்று அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இந்தப் பிடிவாதத்துக்கு மருந்தே கிடையாது என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, அவருடைய போன் அடித்தது. எடுத்தார். வதனியின் கார் ப்ளூடூத் வழியாக அவர் போனுக்கு நன்றாகப் பழகியது. குரல் நேராகக் கார் ஸ்பீக்கரில் முழங்கியது.

“அப்பா, இனி என்னால ஏலாது,” கஜமுகனின் குரல் உடைந்திருந்தது. “பாரிசுக்குப் போ எண்டுதான் அப்பா சொன்னவர், வெளியேறினா நல்லது எண்டு அடம்பிடிச்சு நிண்டது நான்தான் எண்டு இண்டைக்கே வான்மதியிட்டச் சொல்லப்போறன். அண்டைக்கு ஒரு சாட்டுக்கு, அப்பா விடமாட்டார் எண்டு சொன்னனான். நீங்களும் ஓம் எண்டுட்டியள்...”

ஞானேஸ்வரன் பதறிப்போய்ப் போனைத் தட்டினார், திருப்பினார், வேட்டிக்குள் பொத்திப் பார்த்தார். குரல் காரை விட்டு இறங்குவதாயில்லை. இளமாறனைத் திருட்டுத்தனமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் பேசினார்.

“விசர்க் கதை கதையாதை. என்னோட கோவிச்சா அவ போனை மட்டும்தான் வைப்பா. உன்னோட கோவிச்சா பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு பாரிசுக்குத் தமையனிட்டப் போயிடுவா. நான் கடல் கடந்து இருக்கிறன், எனக்கு ஒண்டும் நோகாது. நீ போய் அவவுக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் குடு.”

கோயில் பார்க்கிங்கில் வண்டியை நிறுத்திய இளமாறனுக்கு இறங்கத் தோன்றவில்லை. சாப்பாட்டு மேசையில் தான் பேசியதை நினைக்க வெட்கமாக இருந்தது.

“பழியை ஏத்துக்கிட்டீங்க, சரி. அதுக்காக இங்கிலாந்து எழும்பும்னு வாரா வாரம் கத்தணுமா மாமா?”

“நான் வாயைப் பொத்தினா அவவுக்குச் சந்தேகம் வந்திடும் தம்பி. அதோட, அது எழும்பினாத்தானே என்ர பிள்ளையும் எழும்புவான். நல்ல வார்த்தையைச் சொல்லி வைப்பமே.”

“அப்போ அன்னிக்கு நீங்க எதுக்குத்தான் ஓட்டுப் போட்டீங்க?”

கார்க் கதவைத் திறந்தவர், காருக்குக் காது இருக்கிறதோ என்று சந்தேகப்பட்டவர்போல் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“வெளியேற வேண்டாம் எண்டுதான்.”